விடுவதற்கும் ஆற்றல் வேண்டும்

உயிர் பிரிந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போகும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அது ஏன் விறைக்கிறது என்ற கேள்விக்கான விடையை உடலியங்கியல் நூல்களில் படித்த நாள் முதல், தசைகளைப் பற்றி நான் நினைக்கும் முறையே மாறிவிட்டது. இயக்குவதற்கு ஆளில்லாத தசை தளர்ந்துதானே கிடக்க வேண்டும்? முதலில் தளர்ந்துதான் கிடக்கிறது. ஆனால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் இமை, தாடை, கழுத்து ஆகிய இடங்களில் இறுக்கம் தோன்றி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, பின்னர் தசைப் புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் அது நீங்குகிறது. உயிருள்ள தசை தன் பிடியை விடுவதற்கு ஆற்றலைச் செலவிடுகிறது. அந்த ஆற்றல் தீர்ந்துபோனதும் பிடித்த பிடி அப்படியே நின்றுவிடுகிறது. விறைப்புக்கு இதுவே காரணம்.

தசை மண்டலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வலிமையைச் சுற்றியே வருகிறது. எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பவை முக்கியமான கேள்விகள்தாம். ஆயினும் பிடித்ததை உரிய நேரத்தில், உரிய அளவில் விடுவதுதான் தசையின் கடினமான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நடப்பது, எழுதுவது, பேசுவது, மூச்சு விடுவது, இதயம் துடிப்பது என எதை எடுத்துக்கொண்டாலும் அந்த விடுதலின் ஒழுங்கில்தான் அது நிற்கிறது.

மனித உடலில் எலும்புகளோடு இணைந்து நம் விருப்பப்படி இயங்கும் தசைகள் 600க்கும் மேல் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இவைதான். காதுக்குள் அங்கவடி எலும்பைப் பற்றியிருக்கும், 1 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத தசையிலிருந்து, நம்மை நிமிர்ந்து நிற்கவைக்கும் பிட்டத்தின் பெருந்தசை வரை எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்தும்: தசையால் இழுக்க முடியும், தள்ள முடியாது. கதவைத் தள்ளும்போதும் உள்ளே நடப்பது ஏதோ ஒரு தசை ஓர் எலும்பைத் தன் பக்கம் இழுப்பதுதான். அதனால்தான் மூட்டுகளைச் சுற்றித் தசைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. மேற்கையின் முன்பக்கத்திலுள்ள இருதலைத் தசை முழங்கையை மடக்குகிறது. பின்பக்கத்திலுள்ள முத்தலைத் தசை அதை நீட்டுகிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வலது உள்ளங்கையில் கனமான ஒரு புத்தகத்தை வைத்து, முழங்கையை மடக்கிக்கொள்ளுங்கள். இடது கை விரல்களால் வலது மேற்கையின் முன்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். இருதலைத் தசை கெட்டியாக இருக்கும், பின்பக்கம் மென்மையாக இருக்கும். இனிப் புத்தகத்தை மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். கை நீளுகிறது என்பதால் நீட்டும் தசைதான் வேலை செய்யும் என்று தோன்றும். ஆனால் பின்பக்கம் மென்மையாகவே இருக்க, முன்பக்கத் தசை நீண்டுகொண்டே கெட்டியாக இருப்பதை விரல்கள் உணரும். புத்தகத்தைக் கீழே கொண்டுபோவது புவியீர்ப்பு. அது பொத்தென்று விழாமல் பார்த்துக்கொள்வது, தன் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் இருதலைத் தசை. இந்த இறக்கும் வேலையைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். இருதலைத் தசையின் நாண் முழங்கை மூட்டிலிருந்து 4 அல்லது 5 சென்டிமீட்டர் தூரத்தில் எலும்பைப் பற்றுகிறது. உள்ளங்கையோ ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே கையில் 5 கிலோ எடையை ஏந்தி நிற்க, தசை அதைப் போல 7, 8 மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும். வீணான ஏற்பாடு போலத் தோன்றினாலும், தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் உள்ளங்கை 7, 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. விசையைக் கொடுத்து வேகத்தையும் வீச்சையும் வாங்கிக்கொள்ளும் பேரம் இது. நம் உடலின் பெரும்பாலான மூட்டுகள் இந்தப் பேரத்தைத்தான் செய்திருக்கின்றன.

ஒரு தசையைப் பிரித்துக்கொண்டே போனால் இழைக்கற்றைகள் வரும், அவற்றுக்குள் தலைமுடி அளவே தடிமனுள்ள தசை இழைகள் வரும். ஒவ்வோர் இழையும் பல உட்கருக்களைக் கொண்ட ஒரே ஒரு செல். அதற்குள் நுண்ணிழைகள், நுண்ணிழையின் நெடுகிலும் சார்கோமியர் எனப்படும் சிறு அலகுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 400க்கும் மேற்பட்ட சார்கோமியர்கள் அடங்கிவிடும். தசை சுருங்குவது என்பது இந்த அலகுகள் ஒவ்வொன்றும் சற்றே குறுகுவதுதான்.

அவை எப்படிக் குறுகுகின்றன என்பதற்கு விடை கிடைக்க 1954 வரை ஆனது. புரத இழைகளே மடிந்து சுருங்குகின்றன என்ற எண்ணம் அதுவரை வலுவாக இருந்தது. அந்த ஆண்டு நேச்சர் இதழில் அடுத்தடுத்து வெளியான இரண்டு கட்டுரைகள் வேறொரு விளக்கத்தை முன்வைத்தன. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் எழுதினார்கள். மற்றொன்றை ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். சார்கோமியருக்குள் இருக்கும் தடித்த புரத இழைகளின் நீளமும் மெல்லிய புரத இழைகளின் நீளமும் மாறுவதில்லை, ஒன்றின் இடையில் மற்றொன்று வழுக்கிச் செல்வதால்தான் சார்கோமியர் குறுகுகிறது என்று இரு தரப்பும் தனித்தனி ஆய்வுகளின் வழியே ஒரே முடிவுக்கு வந்திருந்தன. தடித்த இழை மையோசின் என்னும் புரதத்தால் ஆனது; மெல்லிய இழையின் முதன்மைப் புரதம் ஆக்டின். இவற்றின் வேதியியலுக்கு அடித்தளம் இட்டது ஹங்கேரியின் செகெட் நகரில், இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகம் செய்த வேலை. தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தால் ஆன ஓர் இழையின் மேல், செல்களுக்கு உடனடி ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி சேர்ந்த கரைசலை ஊற்றியதும் அது தானாகச் சுருங்கியதை அவர்கள் கண்டார்கள். உடலுக்கு வெளியே, நரம்போ இரத்தமோ இல்லாமல், வெறும் புரதம் அசைந்தது. அதை நேரில் பார்த்தவர்கள் அடைந்திருக்கும் சிலிர்ப்பை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

மையோசின் இழையிலிருந்து எண்ணற்ற சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு தலை ஆக்டினைப் பற்றிக்கொள்கிறது, சாய்கிறது, ஆக்டின் இழையைச் சற்றே இழுக்கிறது. ஓர் இழுப்பில் நகரும் தூரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு. தேர்வடம் இழுப்பவர்கள் கையை மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் போல, சில தலைகள் பிடித்திருக்கும்போதே மற்றவை விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பற்றுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் விட்டால் இழை நழுவிவிடும். எதுவுமே விடாவிட்டால் இழை நகராது.

விறைப்புக்கான விடை இந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. சாய்ந்து இழுத்து முடித்த தலை தானாக ஆக்டினை விடுவதில்லை. புதிய ஏடிபி மூலக்கூறு ஒன்று வந்து அதில் ஒட்டிக்கொண்டால்தான் பிடி தளர்கிறது. பிறகு அந்த ஏடிபி உடைகிறது. அதில் கிடைக்கும் ஆற்றலால் தலை மீண்டும் நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. இறப்புக்குப் பின் ஏடிபி உற்பத்தி நின்று, இருப்பும் தீர்ந்ததும், தலைகள் பற்றிய இடத்திலேயே தங்கிவிடுகின்றன.

உயிருள்ள தசையிலும் அந்த இருப்பு மிகக் குறைவு. முழு வேகத்தில் இயங்கும் தசைக்கு அது இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான் போதும். அடுத்த சில விநாடிகளை, ஏடிபியை உடனே மீட்டுத்தரும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு தாங்குகிறது. அதற்கும் மேல் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைப்பதும், நீண்ட வேலைகளுக்குச் செல்லின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்டிரியாக்கள் சர்க்கரையையும் கொழுப்பையும் ஆக்சிஜனோடு எரிப்பதும் கைகொடுக்கின்றன. இவ்வளவும் செய்தும் கிடைக்கும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வெளிவேலையாக மாறுகிறது, எஞ்சியது வெப்பம். குளிரில் உடல் நடுங்குவது அந்த வெப்பத்துக்காகவே.

தலைகள் எப்போதும் இழுக்கத் தயாராக இருக்கின்றன என்றால், தசை எந்நேரமும் சுருங்கிக்கொண்டே இருக்காதா? ஓய்வில் ஆக்டின் இழையின் மேல் டிரோப்போமையோசின் என்ற புரதம் படர்ந்து, பற்றுமிடங்களை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதனோடு இணைந்த டிரோப்போனின் என்ற புரதத்தில் கால்சியம் வந்து ஒட்டினால் அந்த மறைப்பு விலகுகிறது. 1960களில் ஜப்பானிய அறிவியலாளர் செத்சுரோ எபாஷி வெளிக்கொணர்ந்த பொறிமுறை இது. நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது; தசை இழையின் சவ்வில் மின்துடிப்பு எழுந்து உள்ளே பாய்கிறது; இழைக்குள் வலை போலப் பின்னியிருக்கும் நுண்பைகளில் சேமிக்கப்பட்ட கால்சியம் வெளியே கொட்டுகிறது; இழுப்பு தொடங்குகிறது. கட்டளை வந்து சில மில்லிவிநாடிகளில் இவை எல்லாம் நடந்துவிடும்.

சுருக்கத்தை நிறுத்த அந்தக் கால்சியத்தை மீண்டும் பைகளுக்குள் ஏற்ற வேண்டும். கால்சியம் குறைவாக உள்ள இடத்திலிருந்து மிகுதியாக உள்ள இடத்துக்கு அதைத் தள்ளுவது எதிர்த்திசை வேலை. பைகளின் சவ்வில் பதிந்த புரதப் பம்புகள் அதைச் செய்கின்றன. இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே ஏற்ற ஓர் ஏடிபி மூலக்கூறு செலவாகிறது. தளர்வு நமக்குச் சும்மா இருப்பதாகத் தெரிந்தாலும், தசை இழைக்கு அது கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை.

இந்த விடுதல் தாமதமானால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவர் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார். ஜூலியஸ் தாம்சன் என்பவர் 1876ல் தம் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு கோளாறை விவரித்து எழுதினார். அவருக்கும் அது இருந்தது. அந்தக் கோளாறு உள்ளவர்கள் எதையாவது இறுகப் பற்றினால், விட வேண்டும் என்று நினைத்த பிறகும் விரல்கள் சில விநாடிகள் விரிய மறுக்கும். அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் இறுக்கம் படிப்படியாகக் குறையும். தசைச் சவ்வின் குளோரைடு வாயில்கள் சரிவர இயங்காததால், நரம்பின் கட்டளை நின்ற பிறகும் மின்துடிப்புகள் தொடர்வதே இதற்குக் காரணம் என்பது பின்னாளில் தெரியவந்தது. அவர்களுடைய தசைக்கு வலு குறைவில்லை, சிலருக்கு நன்கு திரண்டே இருக்கும். குறை இருப்பது நிறுத்துவதில்தான்.

நரம்புகளின் பக்கம் போனால் விடுதல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்புச் செல்லும் அது இயக்கும் எல்லாத் தசை இழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குப் பத்து இழைகள் போல இருக்கும். கெண்டைக்கால் தசையில் அது ஆயிரத்தைத் தாண்டும். வேலை தொடங்கும்போது சிறிய அலகுகள் முதலில் இறங்குகின்றன. விசை கூடக் கூடப் பெரிய அலகுகள் சேர்கின்றன. எல்வுட் ஹென்மேன் நிறுவிய இந்த ஒழுங்கினால்தான் அதே கையால் ஊசியில் நூல் கோக்கவும் முடிகிறது, பெட்டியைத் தூக்கவும் முடிகிறது.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியால் தட்டும்போது கால் துள்ளி நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். தட்டியதும் தொடையின் முன்பக்கத் தசை சற்றே நீள, அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், "சுருங்கு" என்ற கட்டளை அதே தசைக்குத் திரும்பி வருகிறது. அதே கணத்தில் தொடையின் பின்பக்கத் தசையை இயக்கும் நரம்புச் செல்களுக்கு "அமைதியாக இரு" என்ற செய்தியும் போகிறது. எதிர்த் தசையை அடக்கிவைக்கும் இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புச் செல்களின் செயல்பாடு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932ல் எட்கர் ஏட்ரியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடக்கும் செய்தி போகாவிட்டால் நேரும் கொடுமைக்குப் பெயர் டெட்டனஸ். காயத்தில் வளரும் நுண்ணுயிரியின் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் வேதிப்பொருள்கள் சுரப்பதைத் தடுத்துவிடுகிறது. எந்தத் தசைக்கும் விடச் சொல்லும் கட்டளை கிடைப்பதில்லை. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இழுக்க, தாடை பூட்டிக்கொள்கிறது; முதுகு வில்லாக வளைகிறது; மூச்சுக்கான தசைகளும் இறுகினால் உயிர் போகிறது. தடுப்பூசி இருக்கும்போது ஒருவரும் இப்படிச் சாகக்கூடாது. காயம் பட்டதும் போடும் அந்த ஊசியைச் சடங்காக எண்ணித் தட்டிக்கழிப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே பதற்றமாக இருக்கிறது.

நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசைகளில் குடல், இரத்தக்குழாய், கருப்பை ஆகியவற்றின் மென்தசைகள் நிதானமானவை. குறைந்த ஆற்றலில் நெடுநேரம் பிடித்திருக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. இதயத் தசையின் கதை வேறு. நிமிடத்துக்கு 72 முறை என்று கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி கிடைக்கிறது. அதில் கீழறைகள் சுருங்குவது ஏறக்குறைய 0.3 விநாடி, தளர்ந்திருப்பது 0.5 விநாடி. அந்தத் தளர்வில்தான் அறைகள் இரத்தத்தால் நிரம்புகின்றன. இதயத்தின் இடது கீழறைச் சுவருக்குரிய இரத்தமும் பெரும்பாலும் அப்போதுதான் பாய்கிறது, ஏனெனில் சுருங்கும் சுவர் தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் துடிப்பை வலுப்படுத்துவதோடு கால்சியப் பம்புகளையும் முடுக்கிவிடுகிறது. வேகமாகத் துடிக்க வேண்டுமானால் வேகமாகத் தளர்ந்தாக வேண்டும். இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் சுருங்கித் தள்ளும் அளவு சரியாகவே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சுவர் இறுகித் தளராமல், அறை எளிதில் நிரம்பாமல் போவதுதான் சிக்கல்.

இனிப் புத்தகத்தை இறக்கிய கைக்கு வருகிறேன். நீண்டுகொண்டே தாங்கும் இந்த வேலையின் செலவை 1952ல் அபாட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவர் அழகான ஒரு சோதனையில் அளந்தார்கள். இரண்டு சைக்கிள்களை எதிரெதிராக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதித்தார். பின்னோக்கிச் சுழலும் மிதிகளை மற்றவர் தம் கால்களால் எதிர்த்து நின்றார். இருவரும் தரும் விசை சமம்தான். ஆயினும் எதிர்த்து நின்றவருக்குச் செலவான ஆக்சிஜன் மிதித்தவருக்கு ஆனதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது. நீட்டப்படும் தசையில் மையோசின் தலைகள் பல, ஏடிபியைச் செலவிடாமலே இழுபட்டுப் பிரிந்து மீண்டும் பற்றிக்கொள்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

செலவு குறைவு என்றாலும் சேதம் அதிகம். மலை ஏறியவருக்கு மூச்சு வாங்கும். மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால். பழக்கமில்லாத இறக்கத்தில் சில சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு குலைய, அதைத் தொடர்ந்த அழற்சியால் 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சமாகிறது. தசையில் தங்கிய லாக்டிக் அமிலம்தான் இந்த வலிக்குக் காரணம் என்று இன்றும் பலர் சொல்வது சரியல்ல. லாக்டேட்டின் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சேதத்தைச் சீர்செய்வதில், இழைகளின் விளிம்பில் உறங்கும் துணைச் செல்கள் விழித்துப் பெருகித் தசை இழைகளோடு இணைகின்றன. 1961ல் அலெக்சாண்டர் மௌரோ மின்னணு நுண்ணோக்கியில் கண்டு சொன்ன செல்கள் இவை. ஒருமுறை இப்படி வலித்த தசைக்கு, சில நாட்கள் கழித்து அதே இறக்கம் அவ்வளவு வலியைத் தருவதில்லை.

முதுமையில் தசையின் அளவு குறைகிறது. வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. விரைவாக இயங்கும் இழைகள் முதலில் மெலிகின்றன, நரம்புச் செல்களும் குறைகின்றன. என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்த பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட், அம்மா நாற்காலியிலிருந்து எழுந்ததைப் பார்த்து மகிழ்ந்த எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எழுந்திருக்கிறது சரிம்மா. உட்காரும்போது பொத்துனு விழுறீங்களே, அதுதான் எனக்குக் கவலை. நான் அஞ்சு எண்ணுற வரைக்கும் மெதுவா இறங்குங்க." எழும்போது சுருங்கும் அதே தொடைத் தசை, உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டும். அந்த நீட்சியின் நடுவில் அம்மாவின் தொடை நடுங்கும். தாங்க முடியாத இடம் வந்ததும் உடல் சட்டென்று நாற்காலியில் சரியும். நாள் செல்லச் செல்ல அந்த இடம் கீழே கீழே இறங்கியது.

வயது இதற்குத் தடையில்லை என்று நம்ப எனக்கு இருக்கும் வலுவான காரணம் 1990ல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வு. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு, முழங்காலை நீட்டும் தசைகளுக்கு 8 வாரம் கடுமையான எடைப் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடுத்தொடையின் தசைப் பரப்பு 9 சதவீதம் வளர்ந்தது. தசையின் வளர்ச்சியைவிட வலிமையின் வளர்ச்சி இத்தனை மடங்கு மிகுந்ததற்கு, நரம்புகள் அதிக இயக்க அலகுகளை வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொண்டது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

படிக்கட்டுக்கு அந்தப் பிசியோதெரபிஸ்ட் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். அம்மா அதை மனப்பாடமாக வைத்துக்கொண்டார். காரணத்தை நான்தான் அவரிடம் விளக்கினேன். ஏறும்போது முதலில் வைக்கும் கால்தான் உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ, கீழ்ப்படியில் கால் பதியும் வரை உடல் முழுவதையும் தாங்கிக்கொண்டு மெல்ல மடங்குவது மேற்படியில் நிற்கும் கால்; அந்த வேலைக்குத் தேறாத தொடையை அங்கே நிறுத்தக்கூடாது. பின்னர் அந்தத் தொடை தேறி, அறுவை செய்த காலையே மேற்படியில் நிறுத்தி, நல்ல காலைக் கீழே வைத்து அவர் இறங்குவதற்கு, ஏறப் பழகியதைவிட அதிக நாட்கள் பிடித்தன.